ஈ. கோலை சவ்வை இழுத்து எம்எஸ்சிஎல் சேனலைத் திறப்பது எப்படி

உப்புக் கரைசலிலிருந்து திடீரென நல்ல தண்ணீருக்கு வரும் ஈ. கோலை பாக்டீரியா வெடிக்காமல் தப்புவதற்கு அதன் சவ்விலுள்ள எம்எஸ்சிஎஸ், எம்எஸ்சிஎல் என்ற இரண்டு சேனல்கள்தான் (புரதத் துளைகள்) முக்கியக் காரணம். சவ்வு இழுபட்டதும் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே கொட்டிவிடும். இதை பேட்ச் கிளாம்பில், அதாவது நுண்ணிய கண்ணாடிப் பிப்பெட்டைச் சவ்வில் ஒட்டி சேனல் வழியே பாயும் மின்னோட்டத்தை அளக்கும் முறையில், நேரடியாகப் பார்க்கலாம். ஆனால் 1 மைக்ரோமீட்டர் அகலமுள்ள செல்லில் பிப்பெட்டைப் பொருத்த முடியாது. முதலில் செல்லைப் பெரிதாக்க வேண்டும். 1987-இல் மார்ட்டினாக், குங் குழுவினர் கையாண்ட வழிதான் இன்றும்.

வேகமாக வளரும் கல்ச்சரை எல்பி வளர்ப்பு ஊடகத்தில் 10 மடங்கு நீர்த்து, மில்லிக்கு 60 மைக்ரோகிராம் செஃபலெக்சின் (ஆன்டிபயாட்டிக்) சேர்த்து, 42 டிகிரியில் சுமார் 2 மணி நேரம் ஆட்டுங்கள். குறுக்குச்சுவர் எழும்பாததால் செல்கள் பிரியாமல் நீளும். 50 முதல் 150 மைக்ரோமீட்டர் வந்தால் போதும்.

மெதுவாகச் சுழற்றிப் படியவைத்து, 2.5 மில்லி 0.8 மோலார் சர்க்கரைக் கரைசலில் கலக்குங்கள். பிறகு இதே வரிசையில்: 1 மோலார் டிரிஸ் (பிஎச் 7.8) 150 மைக்ரோலிட்டர், செல் சுவரைக் கரைக்கும் லைசோசைம் நொதி (மில்லிக்கு 5 மில்லிகிராம்) 120, அதே செறிவில் டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி 30, 0.125 மோலார் இடிடிஏ 120. இடிடிஏ வெளிச்சவ்வின் மெக்னீசியத்தைப் பறித்தால்தான் லைசோசைம் உள்ளே புகும். 4 முதல் 8 நிமிடம் ஆகும் என்பார்கள். கடிகாரத்தை நம்பாமல் மைக்ரோஸ்கோப்பைப் பாருங்கள். பெரும்பாலானவை உருண்டை வடிவம் ஆனதுமே 20 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு உள்ள சர்க்கரைக் கரைசலை 1 மில்லி ஊற்றி நிறுத்துங்கள். தாமதித்தால் செல்கள் உடைந்து, டிஎன்ஏ நூலாக வந்து பிப்பெட் முனையில் சுற்றிக்கொள்ளும்.

பிப்பெட் கரைசல்: 200 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 90 மெக்னீசியம் குளோரைடு, 10 கால்சியம் குளோரைடு, 5 ஹெபீஸ். செல்கள் இருக்கும் தொட்டிக்கும் இதுவே, கூடவே 0.3 மோலார் சர்க்கரை. மெக்னீசியம் குறைந்தால் கிகாஓம் சீல் (பிப்பெட் முனை மின்னோட்டம் கசியாதபடி சவ்வோடு ஒட்டுவது) கிடைப்பது கஷ்டம். சீல் ஆனதும் பேட்ச்சை, அதாவது முனையில் ஒட்டிய சவ்வுத் துண்டை, பிய்த்தெடுத்து, 20 மில்லிவோல்ட்டில் வைத்து உறிஞ்சுங்கள். 20 பிகோஆம்பியர் படிகள் தெரிந்தால் எம்எஸ்சிஎஸ். இன்னும் உறிஞ்சும்போது 60 வந்தால் எம்எஸ்சிஎல்.

பலரும் சறுக்குவது இங்கேதான்: சேனலைத் திறப்பது அழுத்தம் அல்ல, சவ்வின் இழுவிசை. இழுவிசை = அழுத்தம் × வளைவு ஆரம் ÷ 2. ஆரம் பேட்ச்சுக்கு பேட்ச் மாறும் என்பதால், வெறும் எம்எம்எச்ஜி (பாதரச மில்லிமீட்டர் அழுத்தம்) எண்ணை வைத்து இரண்டு பேட்ச்சுகளை ஒப்பிடக் கூடாது. அதே பேட்ச்சிலுள்ள எம்எஸ்சிஎஸ்தான் அளவுகோல். எம்எஸ்சிஎல் திறக்க அதைப்போல சுமார் 1.6 மடங்கு அழுத்தம் வேண்டும். உறிஞ்சலை ஓரிரு விநாடிக்குள் ஏற்றுங்கள். நிதானமாக ஏற்றினால் எம்எஸ்சிஎஸ் செயலிழந்து, அளவுகோலே இல்லாமல் போகும். எம்எஸ்சிஎல் திறக்கும் இழுவிசை சவ்வு கிழியும் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால், சில பேட்ச்சுகள் அதற்கு முன்பே போய்விடும். அது இயல்பு, அடுத்த பிப்பெட்டை எடுங்கள்.