திருகோணமலையிலிருந்து ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸைப் பின்தொடர்வது எப்படி

கனடாவில் ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பம் திருகோணமலையில் இன்று அரிது. அங்கிருந்து விடுமுறைக்கு வருகின்றவர்களின் பெட்டிகளில் சொக்லேட்டும் விற்றமின் குளிசைகளும் வருவதுபோல, ரொறன்ரோவின் பனிக்கட்டி ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸின், நெஞ்சில் வெள்ளை இலை பொறித்த ஒரு நீல ஜேர்சியும் வந்துவிடுகிறது. பலர் அதை உடுப்பாக மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள். சிலர் மட்டும் அந்த அணி என்ன ஆடுகிறது, ஏன் அதைப் பற்றி மச்சான் இவ்வளவு புலம்புகிறார் என்று விசாரிக்கத் தொடங்கி, ஈற்றில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை அதிகாலையில் எழும்புகின்றவர்களாக மாறிவிடுகிறார்கள். இவ்வழிகாட்டி அந்தச் சிலருக்கானது. ஸ்காபரோவில் வாழும் ரசிகருக்கு அணியின் செய்தி வேலைத்தலத்திலும் பேருந்திலும் தானாகவே வந்து சேரும். இங்கே எதுவும் தானாக வராது. நேரத்தையும் இணையத்தையும் வீட்டாரின் பொறுமையையும் நாமே ஒழுங்குபடுத்திக்கொண்டால்தான் இந்த உறவு இரண்டாவது பருவம் வரையாவது நிலைக்கும்.

முதலில் மணிக்கூட்டைச் சரிசெய்ய வேண்டும். ரொறன்ரோவில் நடைபெறும் ஆட்டங்களில் பெரும்பாலானவை அங்கு மாலை 7 மணிக்குத் தொடங்குகின்றன. கனடாவில் கோடைகால நேரம் நடைமுறையிலிருக்கும்போது அது நமக்கு மறுநாள் அதிகாலை 4.30, நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்தள்ளிய பிறகு 5.30, மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் மீண்டும் 4.30. இலங்கை தன் நேரத்தை மாற்றுவதில்லை என்பதால் இந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் கைப்பேசி நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அல்லது கைப்பேசியின் நேர வலயத்தைக் கொழும்பு என்று வைத்து, அணியின் ஆட்ட அட்டவணையை அப்படியே நாட்காட்டியில் இறக்கிக்கொண்டால் கணக்குப் பார்க்கும் வேலை இல்லை. அணி வன்கூவருக்கோ கலிபோர்னியாவுக்கோ போயிருக்கும் நாட்களில் ஆட்டம் நமக்குக் காலை 7.30 அல்லது 8.30 மணியளவில்தான் தொடங்கும். அலுவலகத்தில் இருப்பவர் அந்த ஆட்டங்களை மறந்துவிடுவதே நல்லது.

அடுத்தது, புதிய ரசிகர்கள் எவரும் கேட்க விரும்பாத ஆலோசனை: எல்லா ஆட்டங்களையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு பருவத்தில் ஓர் அணி எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களை ஆடுகிறது. அவை அனைத்துக்கும் எழும்புகின்றவர் டிசம்பர் வருமுன்னரே களைத்து, பெப்ரவரியில் அணியை வெறுக்கத் தொடங்கிவிடுவார். சனிக்கிழமை இரவு ஆட்டம்தான் கனடாவில் நெடுங்கால வழக்கம். அது நமக்கு ஞாயிறு காலை. வேலையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அந்த ஓர் ஆட்டத்தை முழுமையாகப் பார்ப்பதையும், ஏனையவற்றுக்கு, அணி ஆடும் வட அமெரிக்க லீக்கான என்.எச்.எல்.இன் அதிகாரபூர்வ யூடியூப் அலைவரிசையில் வெளியாகும் சில நிமிடச் சுருக்கக் காணொளியுடன் நிறுத்திக்கொள்வதையும் வழக்கமாக்குங்கள். மொன்றியல், பொஸ்ரன் ஆகிய இரு அணிகளுடனான ஆட்டங்களுக்கு மட்டும் வார நாளிலும் விதிவிலக்குக் கொடுக்கலாம். அந்தப் பகை பழையது, அதைச் சுருக்கமாகப் பார்த்துப் பயனில்லை.

ஞாயிறு காலையின் அமைப்பே இந்த ஆட்டத்துக்குப் பொருந்துகிறது. இருபது நிமிடக் காலங்கள் மூன்று, அவற்றுக்கிடையே சுமார் 18 நிமிட இடைவேளைகள் இரண்டு. மொத்தம் இரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடலாம். டிசம்பரில் 5.30க்கு ஆட்டம் தொடங்கினால் முதல் இடைவேளை வரும்போது கிழக்கே வெளுத்திருக்கும். தேநீர் போட்டுக்கொள்ளப் போதிய நேரம். இரண்டாவது இடைவேளையில் சூன் பாண் முச்சக்கர வண்டியின் இசை ஒழுங்கைக்குள் கேட்டால் இறங்கிப் போய்ப் பாண் வாங்கிவரலாம். வீட்டாருக்குக் காலைச் சாப்பாடு கையில் கிடைத்துவிட்டால், விடியற்காலையில் தொலைக்காட்சி ஏன் ஓடுகிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.

ஆனால் இதே மாதங்கள்தான் நமக்கு வாடைக் காற்றும் மழையும். நவம்பர் முதல் ஜனவரி வரை மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை இரவே கைப்பேசியையும் மேலதிக பற்றரியையும் ஏற்றி வைத்துவிடுங்கள். டேட்டா பொதி வாங்கும்போது, நள்ளிரவு முதல் காலை வரையான நேரத்துக்குத் தனியாக ஒதுக்கப்பட்ட அளவு எவ்வளவு, அது காலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவ்வாறு இரவு நேர டேட்டா தரும் பொதிகளில், நம் ஆட்டத்தின் பெரும் பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடும். மூன்றாவது காலம்தான் சிலவேளை வெளியே விழும்.

நேரலையைப் பார்ப்பவர் வட்ஸ்அப்பை மூடிவைக்க வேண்டும். இணைய நேரலை கனடாத் தொலைக்காட்சியைவிடச் சிறிது பின்தங்கியே நமக்கு வந்து சேர்கிறது. உங்கள் திரையில் எதிரணி இன்னும் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான வட்டை, தள்ளிக்கொண்டிருக்கும்போதே, ஸ்காபரோவிலிருந்து "அடிச்சிட்டாங்கள் மச்சான்!" என்ற செய்தி கைப்பேசியில் ஒளிரும், அதன் பிறகு வரும் கோலுக்கு உப்பும் இல்லை, புளியும் இல்லை. குடும்பக் குழுவை எட்டு மணி வரை மௌனமாக்கி வையுங்கள். அங்குள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தும் பயனில்லை, கோல் விழுந்தவுடன் அவர்களுக்கு அது மறந்துபோகும்.

இனி, பார்ப்பது எப்படி என்பது. புல்வெளி ஹொக்கியையும் உதைபந்தாட்டத்தையும் பார்த்துப் பழகிய கண் பந்தைத் தொடர்ந்து போகும். இங்கே அது எடுபடாது. பக் என்பது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட கரிய ரப்பர் வட்டு. துள்ளாமல் சறுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறையவைத்து எடுக்கிறார்கள். பலமாக அடிக்கப்பட்டால் மணிக்கு 150 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் செல்லும் அந்த வட்டைக் கைப்பேசித் திரையில் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். ஆகவே பக்கை விட்டு ஆட்களைப் பாருங்கள். களத்தில் ஓர் அணிக்குக் கோல் காப்பாளருடன் ஆறு பேர். முன்வரிசை மூவரும் பின்வரிசை இருவரும் சுமார் 45 விநாடிகள் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, ஆட்டம் நிற்காமலே வேலிக்கு மேலால் வெளியேற, புதியவர்கள் உள்ளே குதிக்கிறார்கள். களத்தில் ஓடும் இந்த ஒரு தவணையை ஷிஃப்ட் என்கிறார்கள். ஒரு வீரரைத் தெரிந்துகொண்டு, அவர் உள்ளே குதித்தது முதல் வெளியேறும் வரை அவரை மட்டும் பாருங்கள். பக் அவரிடம் வராத விநாடிகளில் அவர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் இந்த ஆட்டத்தின் பாதி இருக்கிறது.

அப்படிப் பார்க்க எனது தெரிவு ஓஸ்டன் மத்தியூஸ். 2016இல் லீக்கின் இளம் வீரர்கள் தெரிவில் முதலாவதாகத் தெரிவாகி அணிக்கு வந்து 2024இல் அதன் தலைவராக்கப்பட்ட இவர், அரிசோனாப் பாலைவன வெக்கைக்குள் வளர்ந்தவர் என்பது வெயிலுக்குப் பழகிய நமக்கு ஓர் ஆறுதல். 2023–24 பருவத்தில் அவர் அடித்த 69 கோல்கள் லீஃப்ஸ் வரலாற்றில் ஒரு பருவத்துக்கான உச்சம். அவர் கோலை நோக்கி அடிக்கும் கணத்தை மெதுவான மறுகாட்சியில் பாருங்கள்: பக்கைத் தடியின் நுனியால் சிறிது தன் பக்கம் இழுத்து, அதே அசைவிலேயே மணிக்கட்டைத் திருப்பி விட்டுவிடுகிறார். தடுக்க வந்தவர் நீட்டிய தடியும் காப்பாளர் கணித்து நின்ற கோணமும் அந்த அரை அடி இழுப்பில் பிழைத்துப்போகின்றன.

விதிகளில் தொடக்கத்தில் மூன்று தெரிந்தால் போதும். சிறு குற்றத்துக்கு வீரர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார்த்தப்படுவார். அப்போது எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதலாக இருக்கும், அது பவர் பிளே. இறுதி நிமிடங்களில் பின்தங்கிய அணி தன் கோல் காப்பாளரையே வெளியே எடுத்துவிட்டு ஆறாவது தாக்குநரை இறக்கலாம். சமநிலையில் முடிந்தால், சாதாரண பருவ ஆட்டத்தில் மூவருக்கு மூவராக ஐந்து நிமிடம். அதில் தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு. மிகுதியெல்லாம் பார்க்கப் பார்க்க வரும்.

வரலாற்றைப் படிக்காமல் இந்த அணியை நேசிக்க முடியாது. படித்தால் நேசிப்பது இன்னும் கடினம். லீக்கின் சம்பியனுக்குரிய ஸ்டான்லி கிண்ணத்தை லீஃப்ஸ் 13 முறை வென்றிருக்கிறது. ஆனால் கடைசி வெற்றி 1967இல், மொன்றியலை ஆறு ஆட்டங்களில் வீழ்த்தியபோது. லீக்கில் அப்போது ஆறே அணிகள், இப்போது 32. அதற்கும் முன்னர், 1951 இறுதித் தொடரின் மேலதிக நேரத்தில் கிண்ணத்தை வென்று கொடுத்த கோலை அடித்த பில் பரில்கோ, அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பிய சிறு விமானத்தோடு காணாமற்போனார். அணி மீண்டும் கிண்ணத்தை வென்றது 1962இல். விமானமும் அவரது எச்சங்களும் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவரது 5ஆம் இலக்கத்தை அதன் பிறகு எவருக்கும் அணி கொடுப்பதில்லை. ரொறன்ரோவில் மூத்த ரசிகர் எவரும் இந்தக் கதையை அறிவார்; நீங்களும் அறிந்திருந்தால் கனடாவிலிருந்து வரும் பெரியவர்களுடன் பேச்சுத் தொடங்க வேறொன்றும் வேண்டாம்.

ஏப்ரல் நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டின் பலகாரம் தீருமுன்னரே, கிண்ணத்துக்கான வெளியேற்றுச் சுற்றுகளான பிளே-ஓவ் தொடங்கிவிடும். 16 அணிகள், நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றிலும் முதலில் நான்கு ஆட்டங்களை வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஞாயிறு விதி இங்கே செல்லாது. இயன்ற ஆட்டங்கள் அனைத்தையும் பாருங்கள். மேலதிக நேரம் இங்கே ஐவருக்கு ஐவராக, கோல் விழும் வரை இருபது நிமிடங்களாகத் தொடரும் என்பதால், 4.30க்குத் தொடங்கிய ஆட்டம் அலுவலகத்துக்குப் புறப்படும் நேரத்தையும் தின்றுவிடக்கூடும். ஏழாவது ஆட்டம் என்று ஒன்று வந்தால் அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிடுவதே நேர்மையானது. அலுவலகத்தில் உட்கார்ந்து மேசைக்குக் கீழே பார்ப்பதால் வேலையும் நடக்காது, ஆட்டமும் புரியாது.

எதற்குத் தயாராக வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013இல் பொஸ்ரனுக்கெதிரான ஏழாவது ஆட்டத்தின் மூன்றாவது காலத்தில் லீஃப்ஸ் 4–1 என முன்னணியிலிருந்தது. பொஸ்ரன் ஒரு கோலைத் திருப்பியது. பின்னர் காப்பாளரை வெளியே எடுத்து, கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு கோல்களை அடித்துச் சமப்படுத்தி, மேலதிக நேரத்தில் வென்றது. 2024இல் அதே அணி, மீண்டும் ஏழாவது ஆட்டம், மீண்டும் மேலதிக நேரம். 2025இல் புளோரிடாவுக்கெதிராக முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்ற பிறகு, ஏழாவது ஆட்டத்தில் சொந்த அரங்கிலேயே 6–1 எனத் தோல்வி. இவற்றின் காணொளிகளைப் புதிய ரசிகர் முதல் பருவத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த ஏப்ரலில் மூன்று கோல் முன்னணியைக் கண்டு ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பும் எண்ணம் அதனால் அடங்கும். பார்த்து முடித்தவுடன், 2023 ஏப்ரலில் தம்பா பே அணியின் அரங்கில் லீஃப்ஸ் வீரர் ஜோன் தவாரெஸ் மேலதிக நேரத்தில் அடித்த கோலையும் பாருங்கள். 2004க்குப் பிறகு அணி வென்ற முதல் தொடர் அது. பக் எதிரணிக் காவலர் ஒருவரில் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. அழகான கோல் அல்ல. இங்கே அப்போது ஞாயிறு காலை.

ஜேர்சி பற்றிச் சில வார்த்தைகள். அது குளிர் அரங்குக்குத் தைத்த தடித்த பொலியெஸ்டர். மார்ச் மாத நண்பகலில் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடப்பது பக்தியல்ல, வேர்க்குருவுக்கு அழைப்பு. மழைக்கால அதிகாலைகளுக்கு அது போதும். உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் தோய்த்து, நிழலில் காயப்போடுங்கள். பெயர் பொறித்து வாங்கித் தரவா என்று உறவினர் கேட்டால், ஓய்வுபெற்ற ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள். மாற்ஸ் சுண்டின், இலக்கம் 13 என்பது என்றைக்கும் பிழைக்காது. ஆடிக்கொண்டிருப்பவர் எந்தக் கோடையிலும் போய்விடலாம். ரொறன்ரோவுக்கு அருகில் வளர்ந்த மிச் மார்னரே 2025இல் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார்.

அணி வெளியேறிய பிறகு லீக்கின் செய்திகளைச் சில வாரம் விட்டுவிடுங்கள். வேறோர் அணி கிண்ணத்தைத் தூக்குவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜூன் இறுதியில் இளம் வீரர்களின் தெரிவு, ஜூலை 1இல் ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கான சந்தை. கனடாவில் பள்ளி விடுமுறை விட்டு உறவினர் இங்கே வந்து இறங்குவதும் அக்காலத்தில்தான். நிலாவெளியில் கடல் அமைதியாக இருக்கும் அந்த மாதங்களில் அவர்களைக் குளிக்கக் கூட்டிச் செல்லும்போது, யாரை விட்டிருக்கக் கூடாது, கோல் காப்பாளரை நம்பலாமா என்று விவாதித்துக்கொள்ளுங்கள். இங்கே இருந்துகொண்டே அவர்களைவிட விவரமாகப் பேசும்போது அவர்கள் முகம் போகும் போக்கு பார்க்கத் தக்கது. புதிய அட்டவணை வெளியானவுடன், முதலில் சனிக்கிழமை ஆட்டங்களை நாட்காட்டியில் நிறம் தீட்டிவிட்டு, நவம்பர் மணிமாற்றத்துக்கு முன்னுள்ள 4.30 ஆட்டங்கள் எத்தனை என்று வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.