ரோவன் கிடைக்காவிட்டால் வேம்பு: சென்னைத் தெருவில் பூமர மாந்திரீகம்

விட்ச்கிராஃப்ட், அதாவது மேல்நாட்டு மாந்திரீகப் புத்தகம் எதைப் புரட்டினாலும் ரோவன், ஹாதார்ன், எல்டர் என்றுதான் வரும். மூன்றும் குளிர்நாட்டு மரங்கள். காய்ந்த பூவை ஆன்லைனில் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அந்த மரத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் என்ன வேலை கொடுத்தார்கள் என்று பாருங்கள், அதே வேலையை நம் தெருவில் எந்த மரம் பார்க்கிறது என்று தேடுங்கள், அவ்வளவுதான்.

முதலில் காவல். ஸ்காட்லாந்தில் ரோவன் குச்சிகளைச் சிவப்பு நூலால் குறுக்காகக் கட்டி வாசலில் வைப்பார்கள். நம்மூரில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுகிறோமே, அதேதான். சித்திரையில் வருஷப்பிறப்புப் பச்சடிக்குப் போக மிஞ்சிய வேப்பம்பூவை நிழலில் காயவைத்து, சின்னத் துணியில் முடிந்து, சிவப்பு நூலால் நிலைப்படியில் கட்டிவிடுங்கள். நான் கட்டிய அன்றே எதிர்வீட்டு மாமி "என்னம்மா, யாராவது செய்வினை வெச்சுட்டாங்களா?" என்றார். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

வாக்குக்கு மகிழம்பூ. திருவொற்றியூர்க் கோயிலின் தலமரம் மகிழம்தான். மணக்கப்போகும் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டிய சுந்தரர், அந்த நேரம் மட்டும் மகிழடியில் போய் இருக்கும்படி சிவனிடம் கேட்டுக்கொண்டார். சிவனோ சங்கிலியாரின் கனவில் போய், மகிழடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்! பிறகு வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்குக் கண் போயிற்று. அதனால் காப்பாற்ற முடிந்த வாக்கை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். விடிகாலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்குங்கள், நட்டநடுவே ஓட்டை இருக்கும், ஊசியே வேண்டாம், நூல் நுனியை முறுக்கினால் போதும். கோத்த சரத்தை அந்தத் தாளோடு மடித்து வையுங்கள். பூ காய்ந்து பழுப்பானாலும் வாசனை போகாது.

ஹாதார்ன் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்று இங்கிலாந்தில் பயப்படுவார்கள். அழுகும் சடலத்தில் உண்டாகும் ட்ரைமெத்திலமைன் அந்தப் பூவிலும் இருக்கிறது, பயம் சும்மா வரவில்லை. இங்கே அந்த இடம் ஏழிலைப்பாலைக்கு, யட்சி குடியிருக்கும் மரம். ராத்திரி அதன் வாசனை எனக்குத் தலையை வலிக்கவைக்கும். வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்து வந்த மரம், நம்மிடம் அதற்குப் பழங்கதை கிடையாது. 2016 வர்தா புயலில் எங்கள் தெருவில் வேரோடு சாய்ந்ததைப் பார்த்ததிலிருந்து, விட்டுவிட வேண்டியவற்றுக்கு நான் அதன் பூவைத்தான் வைக்கிறேன். இது என் கணக்கு. நாகலிங்கமும் தென்னமெரிக்க மரம்தானே, பூவில் பாம்பையும் லிங்கத்தையும் பார்த்தது நாம்தான்.

டென்மார்க்கில் எல்டர் மரத்தை வெட்டுவதற்கு முன் அதில் இருக்கும் எல்டர் தாயிடம் அனுமதி கேட்பார்கள். சித்த மருத்துவத்திலும் காப்புக் கட்டித்தான் மூலிகை பறிப்பார்கள். ஆகவே முந்தின நாள் சாயங்காலம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, மஞ்சள் நூல் கட்டி, எதற்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பறிக்காதீர்கள், உதிர்ந்ததே போதும்.

அப்புறம், அரளி, பொன்னரளி இரண்டும் விஷம். சாமிக்குப் போடலாம், டீயில் போடக்கூடாது, தொட்டால் கையைக் கழுவுங்கள்.