வாவியைப் பற்றி எழுதுவதென்றால் வடிகானில் தொடங்குங்கள்

நகரச் சுற்றுச்சூழல் என்று பெரிதாகத் தொடங்க வேண்டாம். புளியந்தீவோ கல்லடியோ, உங்கள் ஒழுங்கை வடிகான் எங்கே போய் மட்டக்களப்பு வாவியில் விழுகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். புரட்டாதி வெயிலில் ஒரு தடவை, கார்த்திகையில் மழை கொட்டிய மறுநாள் இன்னொரு தடவை, அதே இடத்தில் நின்று அதே பக்கம் பார்த்துப் படம் எடுங்கள். நான் எடுத்த ஒன்றில் கண்டல் வேர் முழுக்கச் சோறு கட்டும் லஞ்ச் சீட்டும் சம்பல் காய்ந்து ஒட்டிய பொலித்தீன் பையும் சுற்றிக்கிடக்க, நடுவில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. நான் எழுதிய பந்திகளை விட அந்தப் படத்தைத்தான் ஆட்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் தோணிக்காரரிடம் பேசுங்கள், விடியக்காலையில் வலை உதறும் நேரம் நல்லது. "வாவி மாசடைந்துவிட்டதா?" என்று கேட்டால் ஓம் என்பார், அவ்வளவுதான். "அண்ணே, போன வருசம் இந்த நேரம் வலையில என்ன பட்டது?" என்று கேளுங்கள், முகத்துவாரம் மண் மூடியது, வெட்டிவிட்டது, உப்பு ஏறி இறங்கியது எல்லாம் தானாக வரும். பெயர் போடலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.

மாநகர சபையின் குப்பைக் கணக்கு வேண்டுமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். "குப்பை விவரம்" என்று பொதுவாகக் கேட்காமல் எந்த வட்டாரம், எந்த மாதம், எத்தனை லோட் என்று குறித்துக் கேளுங்கள்.