காலைப் பார்த்தால் கூளம் தெரியும்

கறிக்கூடத்தில் பரிசோதனைக்கு நின்ற முதல் வருஷம் நான் செய்தது ஒரே வேலைதான்: ஆகாத கோழியைக் கொக்கியிலிருந்து கழற்றித் தொட்டியில் போடுவது. ஏன் ஆகாமல் போனது என்று பண்ணைக்காரரிடம் யாரும் சொல்லவில்லை, நானும்தான். அடுத்த பேட்ச் அதே ஷெட்டிலிருந்து அதே கோளாறோடு வந்து தொங்கும். அப்புறம்தான் ஒரு நோட்டு போட்டேன்.

நோட்டில் முதல் வரி ஷெட் எண். அது இல்லாமல் எதை எழுதினாலும் வீண். கூடவே கோழியின் வயது, பண்ணையில் அன்றாடம் எத்தனை செத்தன, தீனியை எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், கூண்டிலேயே செத்து வந்தவை எத்தனை. தீனி நிறுத்தி அறுப்பு வரை 8 முதல் 12 மணி நேரம் சரியாக இருக்கும். தீனிப்பை புடைத்திருந்தால் நேரம் போதவில்லை. தீனிக்குப் பதில் கூளம், அதாவது ஷெட் தரையில் பரப்பும் உமி, மரத்தூள் மாதிரியானவை இருந்தால் பசி தாங்காமல் தரையைக் கொத்தியிருக்கிறது.

அடுத்தது கால். ஒரு பேட்சுக்கு 100 பாதமாவது பார்க்கிறேன், லோடு முழுக்கப் பரவலாக எடுத்து. கறுப்பாக இருப்பதெல்லாம் புண் அல்ல. கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். அழுக்கு என்றால் வந்துவிடும். புண் என்றால் பொருக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். சுத்தமான பாதத்துக்கு 0, மேலோட்டமான நிறமாற்றத்துக்கு 1, ஆழமான புண்ணுக்கு 2. இந்த எண்ணை ஏறக்குறைய ஈரக் கூளத்தின் அளவுகோல் என்றே சொல்வேன். முழங்கால் மூட்டில் பழுப்புத் தழும்பு இருந்தால் அதையும் குறியுங்கள். அந்தக் கோழி நடக்காமல் ஈரத்தில் உட்கார்ந்தே கிடந்திருக்கிறது.

ஒருமுறை ஒரே ஷெட்டிலிருந்து இரண்டு லாரி. முதல் லாரியில் கால்கள் பளிச்சென்று இருந்தன, இரண்டாவதில் பாதிக்கு மேல் 2. பண்ணைக்காரரைக் கூப்பிட்டு, "ரெண்டாவது லோடு எந்தப் பக்கம் பிடிச்சீங்க?" என்றேன். சற்று யோசித்தவர், "பின்பக்கம் சார். அந்தப் பக்கம்தான் நிப்பிள் லைன் ஒழுகிக்கிட்டே இருந்துச்சு" என்றார். கோழி கொத்திக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் அது. ஷெட்டின் சராசரியை மட்டும் எழுதியிருந்தால் இது பிடிபட்டிருக்காது.

அடிபட்டுக் கன்றிப்போன இடங்களில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் சில மணி நேரத்துக்குள் பட்ட அடி. பிடிக்கும்போதோ ஏற்றி இறக்கும்போதோ பட்டிருக்கும். பச்சை தட்டியிருந்தால் ஒரு நாள் அல்லது அதற்கும் முந்தையது, அது பண்ணைக் கணக்கு. ஒடிந்த இறக்கையும் அப்படித்தான். சுற்றி ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது ஒடிந்தது. கட்டவே இல்லை என்றால் பெரும்பாலும் இறகு உரிக்கும் இயந்திரத்தின் வேலை. அதைப் பண்ணைக்காரர் தலையில் கட்டாதீர்கள்.

எங்களுக்கே உறைக்கும் ஒன்று உண்டு. கழுத்தும் தோலும் செக்கச்செவேலென்று வரும் கோழி, ரத்தம் சரியாக வடியாதது. வெந்நீர்த் தொட்டிக்குள் உயிரோடு போயிருக்கலாம். ஒன்று வந்தாலும் லைனை நிறுத்தி, கழுத்தறுப்பவரையும் மயக்கும் கருவியையும் பார்க்கச் சொல்வேன். இதை எழுதத்தான் பலருக்கும் கை வராது.

உள்ளேயும் தோலுக்கடியிலும் மூன்றைத் தவறவிடாதீர்கள். காற்றுப்பை கண்ணாடி மாதிரி இல்லாமல் கலங்கி, தயிர்க்கட்டி போல் இருந்தால் சுவாச நோய், கூடவே ஷெட்டில் அம்மோனியா நெடியும் இருந்திருக்கலாம். வயிற்றில் வெளிர்மஞ்சள் நீர் தேங்கியிருந்தால் இதயம் திணறியிருக்கிறது. குளிரும் காற்றோட்டக் குறையும் அதைக் கூட்டும். தொடைக்கருகே தோலுக்கடியில் மஞ்சள் தகடு போல் இருந்தால் கீறல் வழியே கிருமி புகுந்திருக்கிறது, நெரிசலைச் சந்தேகிக்கலாம். நோயின் பெயரை மட்டும் நீங்களே எழுதிவிட வேண்டாம். கண்டதை எழுதுங்கள், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடக் கூடாது, எத்தனை கோழிக்கு எத்தனை என்று சதவீதமாக்க வேண்டும். ஆளுக்கு ஆள் கண்ணும் மாறும். நானும் மற்றொரு பரிசோதகரும் மாதம் ஒருமுறை அதே 50 பாதத்துக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒத்துப்பார்ப்போம். முதல் தடவை சண்டையே வந்தது.

முடிவை அன்று சாயங்காலமே போனில் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் கழித்துச் சொன்னால் பழைய கூளத்தை அள்ளி வெளியே கொட்டியிருப்பார்கள், ஒழுகிய நிப்பிள் மட்டும் அங்கேயே இருக்கும்.