'சாவி'க்கு வேர் தேடுவது எப்படி?

மதுரைப் பக்கம் திறவுகோல் என்று யாரும் கேட்பதில்லை. திண்டுக்கல் பூட்டுக்கும் சாவிதான். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுங்கள். மூலம் போர்த்துக்கீசியம் என்றிருக்கும். இன்று லிஸ்பனில் 'ஷாவ்' என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் முதல் ஒலி அழுத்தமான 'ச்'. நம் காதில் விழுந்தது அதுதான்.

அடுத்து உறவு மொழிகளை ஒரே வரிசையில் எழுதுங்கள்: லத்தீன் க்ளாவிஸ், இத்தாலியன் கியாவே, ஸ்பானிஷ் யாவே, பிரெஞ்சு க்ளே. ஒரு சொல்லை மட்டும் நம்பக்கூடாது. 'கூப்பிடு' என்பதையும் போட்டுப் பாருங்கள்: லத்தீன் க்ளாமாரே, இத்தாலியன் கியமாரே, ஸ்பானிஷ் யமார், போர்த்துக்கீசியம் ஷமார். லத்தீன் 'க்ள' அந்தந்த மொழியில் அதே மாதிரி திரிந்திருக்கிறது அல்லவா? அப்படித் திரும்பத் திரும்ப வந்தால்தான் உறவு.

பலர் சறுக்குவது ஆங்கில 'கீ'யில். 'க'வில் தொடங்குகிறதே என்று சேர்த்துவிடுவார்கள். அது பழைய ஆங்கிலச் சொல், லத்தீன் வழி வந்ததல்ல. க்ளாவிஸின் பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் 'க்ளாவிக்கிள்', காறை எலும்பு. லத்தீனில் 'குட்டிச் சாவி' என்று பொருள்.

மேசைக்கும் இதே வழி. ஜன்னலுக்கு மட்டும் அண்டை மொழிகள் உதவாது: ஸ்பானிஷில் வெந்தானா, பிரெஞ்சில் ஃபெனெத்ர். போர்த்துக்கீசிய ஜனேலாவுக்கு வேர், லத்தீனில் கதவைக் குறிக்கும் 'யானுவா'.