கரையோரப் படகுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கரை கண்ணுக்குத் தெரிகிறதே, அப்புறம் என்ன பயம்?" பல தவறுகள் இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று இருப்பதுதான் பெரிய தவறு. தேவைப்படும் நேரத்தில் நீங்கள் தண்ணீருக்குள் இருப்பீர்கள். நீர் குளிர்ந்திருந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும். பத்து நிமிடங்களுக்குள் விரல்கள் விறைத்துப் பட்டையை மாட்டவே முடியாமல் போகும். நன்றாக நீந்துகிறவர்களுக்கும் இதே கதிதான். ஆகவே படகில் ஏறும் முன்பே போட்டுவிடுங்கள். தொடைப் பட்டை இருந்தால் அதையும் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிவிடும். தானாக ஊதிக்கொள்ளும் வகை என்றால், அதை ஊதும் வாயு சிலிண்டர் இறுக்கமாகத் திருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அடுத்தது, கைபேசியை மட்டும் நம்பிப் போவது. அது நனையும், சிக்னல் போகும், பேசினாலும் ஒருவருக்குத்தான் கேட்கும். படகுகளில் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவில், ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் கூப்பிட்டால் சுற்றிலும் உள்ள படகுகளுக்கும் கேட்கும். ஆனால் ரேடியோ வாங்கியவர்களில் பலர் அதில் பேசிப் பழகுவதில்லை. "மேடே" (உயிராபத்து என்று அறிவிக்கும் சொல்) என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர்: இந்த வரிசையை எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். படகை ஓட்டுபவருக்கு மட்டும் இது தெரிந்தால் போதாது. கடலில் விழுந்தவர் அவராகவே இருந்தால்? இன்னொருவருக்காவது ரேடியோவில் பேசவும், எஞ்சினை நிறுத்தவும், படகைத் திருப்பவும் தெரிந்திருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பயிற்சிக்குப் பெரும்பாலும் ஒருவர்தான் போகிறார்.

எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உடம்பில் மாட்டாமல் ஓட்டாதீர்கள். ஓட்டுபவர் விழுந்த பிறகும் ஓடும் படகு வட்டமடித்துத் திரும்பி வரும், சுழலும் எஞ்சின் விசிறியோடு.

ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும் அபாய ஒளிக் குச்சிகளின் (ஃப்ளேர்) காலாவதித் தேதியைப் பாருங்கள், பற்றவைக்கும் முறையைப் பகலிலேயே படித்து வையுங்கள். காற்று போகும் பக்கமாக, படகுக்கு வெளியே கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். பழகிப் பார்க்கிறேன் என்று கடலில் கொளுத்த வேண்டாம், யாராவது நிஜ ஆபத்தென்று தேடி வருவார்கள்.

சரி, கிளம்பும் முன் கரையில் ஒருவரிடம் போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லுங்கள். திரும்பியதும் மறக்காமல் அவருக்குத் தகவல் கொடுங்கள்.