32 ஜிபி பென்டிரைவில் 5 ஜிபி ஃபைல் ஏறவில்லை

பென்டிரைவ் 32 ஜிபி. அதில் பாதிக்கு மேல் காலி. ஆனாலும் 5 ஜிபி வீடியோ ஒன்றைப் போட்டால், ஃபைல் மிகப் பெரியது என்று கணினி மறுத்துவிட்டது. சின்னச் சின்ன ஃபைல்கள் ஒழுங்காக ஏறின. அப்படியென்றால் டிரைவ் பழுதில்லை.

பிராப்பர்ட்டீஸைத் திறந்து பார்த்தேன். ஃபைல் சிஸ்டம் (டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) என்ற இடத்தில் ஃபேட்32 என்று இருந்தது. சிக்கல் அங்கேதான். ஃபேட்32 ஒரு ஃபைலின் அளவை 32 பிட்டில்தான் (0, 1 என 32 இலக்கங்களில்) குறித்துவைக்கும். 4 ஜிபியைத் தொடும் எண்ணை அதில் எழுதவே முடியாது. டிரைவில் எவ்வளவு காலி இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

உள்ளே இருந்ததை எல்லாம் முதலில் கணினிக்கு நகல் எடுத்தேன் (ஃபார்மட் செய்தால் எல்லாம் போய்விடும்). அப்புறம் டிரைவ் மேல் ரைட் கிளிக், ஃபார்மட், எக்ஸ்ஃபேட் (இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத ஃபைல் சிஸ்டம்), குவிக் ஃபார்மட். சில நொடி வேலை. வீடியோ முழுசாக ஏறியது.

விண்டோஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் வைத்தாலும் பெரிய ஃபைல் ஏறும். ஆனால் மேக்கில் அதைப் படிக்கலாம், தனியாக மென்பொருள் போடாமல் எழுத முடியாது. எக்ஸ்ஃபேட்டிலும் ஒரு வம்பு உண்டு: பழைய டிவி, கார் ஸ்டீரியோ பலவற்றுக்கு அது புரியாது. பாட்டுக்கென்றே இருக்கும் இன்னொரு டிரைவை அதனால் ஃபேட்32இலேயே விட்டுவைத்திருக்கிறேன்.